தாய் துஞ்சாமை

ஒரு வீட்டில் பெண்ணுக்கு என்ன இடம் என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? கோடைக்கால இரவு ஒன்றரை மணிக்குக் கரண்ட் போன பிறகு அந்த வீட்டில் யார் எங்கே படுக்கிறார்கள் என்று பாருங்கள். அதுபோதும்.

பகலில் யாரும் எதையும் பேசலாம். சமையலில் ஒத்தாசை செய்கிறேன் என்று சொல்லலாம். மார்ச் 8 அன்று வாழ்த்து அனுப்பலாம். மின்விசிறி நின்று பத்து நிமிடம் ஆனதும் ஆண்கள் எழுந்து, லுங்கியை இறுக்கிக்கொண்டு, தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போவார்கள். பெண்கள் உள்ளே இருப்பார்கள். போகிறவர் சொல்லிவிட்டுப் போவார்: “கதவைச் சாத்திக்க.” வெக்கையில் வேகிற வீட்டின் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்கிறார்கள் என்பது சொல்கிறவருக்கும் உறைப்பதில்லை, கேட்கிறவருக்கும் உறைப்பதில்லை. அவ்வளவு பழகிப்போன வாக்கியம் அது. அந்த வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

நான் கூனிமேட்டில் குடியிருப்பவள். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் மரக்காணத்துக்கு முன்னால் வரும் ஊர். கிழக்கே கடல். வடக்கே போனால் கழுவெளியும் உப்பளங்களும். “கடலோர ஊரா? காத்துக்குப் பஞ்சமே இருக்காதே” என்று கல்லூரியில் கேட்பார்கள். பகலுக்கு அது சரி. மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறிவிடும். இரவில் கதை வேறு. தரை மெல்லக் குளிர்ந்து, கடலும் தரையும் ஏறக்குறைய ஒரே சூட்டுக்கு வரும்போது காற்று செத்துவிடும். நிலத்திலிருந்து கடலை நோக்கி மறுபடி வீசத் தொடங்க விடியற்காலை ஆகிவிடும். இடைப்பட்ட மணிநேரங்களில் ஈரம் மட்டும் இருக்கும். வியர்வை வழியும், காயாது. வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. அந்த நேரத்தில் மின்விசிறியை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் அவர் கடலோரத்தில் ஒரு கோடை இரவைக் கழித்தவர் அல்லர்.

தலைக்கு மேலே கான்கிரீட் தளம். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரையெங்கும் கட்டிய வீடுகளும், 2010இல் தொடங்கிய கலைஞர் வீட்டு வசதித் திட்டத்தில் குடிசையை மாற்றிக் கட்டிய வீடுகளும் அப்படித்தான். நான் குடிசைக்கு ஏங்கவில்லை. கீற்று மாற்றுகிற செலவும், அடுப்புப் பொறி பட்டால் தெருவே எரிந்துபோகும் பயமும் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். தளம் போட்ட வீடு வேண்டும். ஆனால் அந்தத் தளம் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவெல்லாம் கக்குகிறது. நள்ளிரவில் வீட்டுக்குள் இருக்கும் சூடு வாசலில் இருக்காது. குளிர்ச்சி வெளியே இருக்கிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. தெரிந்ததனால்தான் ஆண்கள் வெளியே போகிறார்கள்.

கரண்ட் போவதற்கும் இங்கே காரணங்கள் அதிகம். மாதக்கணக்கில் மழை இல்லாதபோது கம்பத்துப் பீங்கான்களில் உப்பு படியும். இரவின் ஈரம் அதை நனைத்ததும் மின்சாரம் கசிந்து லைன் ட்ரிப் ஆகும். இரும்பு எதுவும் இந்தக் காற்றில் நிற்பதில்லை. ஏசி வைத்த வீட்டில் வெளியே மாட்டிய பெட்டியைத் துரு தின்னும். லோ வோல்டேஜில் ஃபேன் ஊர்ந்து சுற்றும். கண்டன்சர் போனால் அந்த ஊர்தலும் நிற்கும்.

2024 மே மாதம், அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம். எங்கள் தெருவில் நள்ளிரவுக்கு மேல் டிரான்ஸ்பார்மர் பழுதாகி, விடியும்வரை கரண்ட் இல்லை. அந்த இரவில் நான் பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஆண்கள் கால் மணி நேரத்தில் தெருவைக் காலி செய்துவிட்டார்கள். சிலர் கடற்கரை மணலுக்கு, சிலர் திண்ணைக்கு, சிலர் மொட்டை மாடிக்கு, சிலர் பைக்கை எடுத்துக்கொண்டு சாலைக்கு. பெண்கள் இருந்த வீடுகளில் பின்கதவு ஒரு சாண் திறந்திருந்தது. எதிர்வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணி சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே இருந்தாள். அவளுக்கு மாமியார் விசிறிக்கொண்டிருந்தார். மாமியாருக்கு விசிற ஆளில்லை. பக்கத்து வீட்டு ஆயாவின் பாயை அவர் மகள் மூன்று முறை இடம் மாற்றிப் போட்டாள். மாதவிடாய் நாளில் இருந்த ஒரு பிள்ளை ஈரத்துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு குளியலறைத் தரையில் போய்ப் படுத்தது. உப்பளத்துக்குப் போகிற அக்கா ஒருவர், வெயிலுக்கு முன்னால் வேலையைத் தொடங்க விடியுமுன் கிளம்புகிறவர், ஒரு நிமிடமும் கண்ணயராமல் அப்படியே எழுந்து முகம் கழுவிக்கொண்டு போனார். காலண்டர் அட்டை, சோப்புப் பெட்டி, பனையோலை விசிறி, புடவைத் தலைப்பு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கொண்டு அந்தத் தெருவின் பெண்கள் விடியும்வரை காற்றைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். யார் வீட்டிலும் அதற்கு வேலை என்று பெயர் இல்லை.

நான் வாசற்படியில் வந்து உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னல் வழியாகச் சொன்னாள்: “உள்ள வாங்க டீச்சர், யாராவது பாத்தா எதுனா சொல்லுவாங்க. கடலு கூப்பிடு தூரத்துல இருக்குது. அதுல வர்ற காத்து நமக்கில்ல.” அவள் குறைபட்டுக்கொள்ளவில்லை. தெருவிளக்கு எங்கே இருக்கிறது என்று சொல்வதுபோலத் தகவலாகச் சொன்னாள்.

உடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புழுக்கம் தாளாத இரவில் ஆண் சட்டையைக் கழற்றிப் போடுவான். பெண் நைட்டிமேல் துண்டு போடுவாள். தன் வீட்டுக்குள், இருட்டில், அப்பாவும் அண்ணனும் மாமனாரும் இருக்கிறார்கள் என்பதற்காக. உலகத்திலேயே வெப்பத்துக்கு எதிரான மிக எளிய மருத்துவம், உடம்பின்மேல் இருக்கிற துணியைக் குறைப்பது. அதைக்கூட நமக்கு எழுதிக்கொடுக்க ஆளில்லை.

“எல்லாம் பாதுகாப்புக்காகத்தானே” என்பார்கள். நடு இரவில் பெண் மணலில் படுத்தால் என்ன ஆகும் தெரியாதா என்பார்கள். தெரியும். அந்த மணலில் யார் படுத்திருக்கிறார்கள்? நம் வீட்டு ஆண்கள். நம் தெருவின் அப்பாக்களும் அண்ணன்களும் கணவர்களும் வரிசையாகப் படுத்திருக்கும் இடத்துக்கு நாம் போக முடியாது என்றால், நம்மை யாரிடமிருந்து யார் பாதுகாக்கிறார்கள்? ஆபத்தானவன் வேற்றூரான் என்றால், ஊர் ஆண்கள் அத்தனை பேரும் அங்கே இருக்கும்போது பயம் எதற்கு? ஊர் ஆண்களே ஆபத்து என்றால், உள்ளே அடைபட வேண்டியது நாமா? இந்தக் கேள்விக்கு இதுவரை எனக்கு யாரும் பதில் சொன்னதில்லை. “ஊர் என்ன பேசும்” என்பது பதில் அல்ல. பேசுகிற ஊரும் மணலில்தான் படுத்திருக்கிறது.

பயத்தில் பூட்டிய கதவு உயிரையே குடிக்கும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சாட்சி உண்டு. 1995 ஜூலையில் சிகாகோ நகரத்தில் வந்த வெப்ப அலையில் 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். அதை ஆராய்ந்த சமூகவியலாளர் எரிக் கிளினன்பெர்க், திருட்டுக்கும் வன்முறைக்கும் பயந்து வெளியே வராமல், தனியாக, அடைத்த வீட்டுக்குள் வெந்து செத்த முதியவர்களைப் பற்றி எழுதினார். வெயில் ஒன்றுதான், சாவைத் தீர்மானித்தது தெருவை நம்ப முடிந்ததா இல்லையா என்பது. சிகாகோவில் அப்படித் தனித்து இறந்தவர்களில் ஆண்கள் அதிகம். அவர்களைப் பூட்டியது தனிமையும் வறுமையும். நம்மைப் பூட்டுவதற்கு அவை தேவைப்படவில்லை, குடும்பமே போதுமானதாக இருக்கிறது.

இந்தியாவிலும் இதைப் பெண்கள் பேசாமல் இல்லை. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட ‘ஒய் லாய்ட்டர்’ நூல், காரணமே இல்லாமல் பொதுவெளியில் நிற்கவும் உட்காரவும் பெண்ணுக்கு உரிமை உண்டு என்று வாதிட்டது. பெங்களூருவில் தொடங்கிய ‘பிளாங்க் நாய்ஸ்’ அமைப்பு, பெண்கள் பூங்காக்களில் கூடிப் படுத்துத் தூங்கும் இயக்கத்தை 2014 முதல் நடத்தியது. ஆண் எவனும் அரச மரத்தடியில் துண்டை விரித்துத் தூங்குவதற்கு இயக்கம் தேவைப்பட்டதில்லை என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் அருமை தெரியும். அந்த உரிமையைக் கூனிமேட்டுக்குக் கொண்டுவந்தால் இன்னொரு பரிமாணம் சேர்கிறது. இங்கே வெளியே போவது சுதந்திரத்துக்கு மட்டும் இல்லை, உடம்பின் சூட்டை இறக்குவதற்கும்தான்.

இனி வீட்டுக்குள் இருக்கும் பீஸ் கட்டைக்கு வருகிறேன். தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்து உங்கள் வீட்டில் மட்டும் இருட்டாக இருந்தால் பழுது பெரும்பாலும் உங்கள் வீட்டில்தான். பீஸ் போயிருக்கலாம், ட்ரிப்பர் விழுந்திருக்கலாம். மெயினை அணைத்துவிட்டுப் பார்க்கத் தெரிந்தால் சில நிமிட வேலை. ஆண் பிள்ளைக்கு இது பத்து வயதில் டார்ச் பிடிக்கச் சொல்லியே கற்றுக்கொடுக்கப்படுகிறது. பெண் பிள்ளைக்கு “தொடாதே, ஷாக் அடிக்கும்” என்பதோடு பாடம் முடிகிறது. கரண்டில் ஓடுகிற மிக்சியையும் கிரைண்டரையும் வாஷிங் மெஷினையும் வாழ்நாள் முழுக்க ஈரக்கையோடு தொடுகிறவளுக்கு, பீஸ் கட்டையை மட்டும் தொடக்கூடாதாம்.

விளைவு என்ன? இந்தக் கடற்கரையில் கணவன் கடலுக்குப் போயிருக்கும் வீடுகள் உண்டு, வளைகுடாவுக்குப் போயிருக்கும் வீடுகள் உண்டு. அங்கே இரவு பன்னிரண்டுக்கு ஃபேன் நின்றால் அவள் யாரைக் கூப்பிடுவாள்? பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். இன்னொரு வீட்டு ஆணை அந்த நேரத்தில் கதவு தட்டிக் கூப்பிட்டால் காலையில் அது வேறு கதையாகிவிடும். ஒரு பீஸ் ஒயர் பத்து ரூபாயும் ஆகாது. பத்து ரூபாய் பழுதுக்காகப் பிள்ளைகளோடு விடியும்வரை வெந்துகொண்டு காத்திருக்கும் பெண்ணைத் தெரியாத தெரு நம் ஊரில் இல்லை. அறிவை ஒரு பாலிடம் குவித்து வைத்துவிட்டு, அந்தப் பாலிடம் உதவி கேட்பதையும் ஒழுக்கக்கேடாக்கி வைத்திருக்கிறோம்.

நான் தமிழ் படித்தவள், தமிழ் கற்பிப்பவள். என் பாடத்தையும் இங்கே விசாரிக்காமல் விட முடியாது. அகப்பொருள் இலக்கணம் நள்ளிரவுக்கு ‘யாமம்’ என்று பெயரிட்டு அதைக் குறிஞ்சிக்குக் கொடுத்தது. அதன் உரிப்பொருள் புணர்தல். பெண்ணின் தூங்காத இரவு என்றால் நம் இலக்கியத்தில் அது தலைவனுக்காகத் தூங்காத இரவுதான். காமத்தால் தூங்காதவளை ஈராயிரம் ஆண்டுகளாகப் பாடுகிறோம். கைக்குழந்தையால், காய்ச்சல்கண்ட கிழவியால், புழுக்கத்தால், கொசுவால் தூங்காதவளுக்குத் துறை வகுக்கவில்லை.

தாயின் தூக்கமின்மையும் இலக்கணத்தில் வருகிறது. நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கத்தில் இரவுக்குறிக்கு வரும் இடையூறுகளைச் சொல்லும்போது, நாய் தூங்காதிருத்தல், ஊர் தூங்காதிருத்தல் ஆகியவற்றோடு ‘தாய் துஞ்சாமை’ என்று ஒன்று உண்டு. தலைவனைச் சந்திக்க மகள் இரவில் வெளியேற முடியவில்லை. காரணம் அம்மா விழித்திருக்கிறாள். வகுப்பில் இதை நடத்தும் போதெல்லாம் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்பேன்: அந்த அம்மா ஏன் தூங்கவில்லை? முதலில் சிரிப்பார்கள். மகளைக் காவல் காக்க என்பார்கள். பிறகு ஒரு மாணவி எழுந்து, “எங்க அம்மாவும் தூங்க மாட்டாங்க மேடம், எனக்குத் தெரிஞ்சு தூங்குனதே இல்ல” என்பாள். நாயோடு சேர்த்து இடையூறுப் பட்டியலில் வைக்கப்பட்ட அந்தத் தாயை எந்த உரைகாரரும் விசாரிக்கவில்லை. மகளை வீட்டுக்குள் அடைப்பதற்கு ‘இற்செறிப்பு’ என்று பெயர் வைத்தார்கள். அடைக்கப்பட்ட மகளுக்கும் தூங்காத தாய்க்கும் வீட்டுக்குள் என்ன வெக்கை இருந்தது என்று கேட்கவில்லை.

விசிறுவதை நம் இலக்கியம் பாடவே இல்லை என்றும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். களைத்து வந்த மோசிகீரனார் அறியாமல் முரசு கட்டிலில் படுத்து உறங்கிவிட்டார். தண்டனை கொடுக்க வேண்டிய சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை, அவர் விழிக்கும்வரை நின்று கவரி வீசினான். புறநானூற்றின் ஐம்பதாம் பாட்டு. அழகான செய்தி, நானும் ரசித்துத்தான் நடத்துகிறேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஓர் ஆண் இன்னோர் ஆணுக்கு ஒரு முறை விசிறியதை ஈராயிரம் ஆண்டுகளாகத் தமிழ்ச் சமூகம் மெய்சிலிர்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதே ஈராயிரம் ஆண்டுகளில் எத்தனை கோடி இரவுகள், எத்தனை கோடிப் பெண்கள், குழந்தைக்கும் கிழவனுக்கும் கணவனுக்கும் விசிறியிருப்பார்கள்? அவன் விசிறினால் பாட்டு. இவள் விசிறினால் கடமை.

கவிதையில்தான் கணக்கில்லை என்றால் அரசின் ஏட்டிலும் இல்லை. ஒன்றிய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் நாளொன்றுக்கு அதற்குச் செலவிடுவது சராசரி 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். இந்த இடைவெளியே போதும் வெட்கப்பட. ஆனால் இந்த 289இல் விசிறிய நேரம் இருக்குமா? கணக்கெடுக்க வருகிறவரிடம் எந்தப் பெண்ணாவது “ஒன்றரையிலிருந்து நாலு வரை விசிறிக்கொண்டிருந்தேன்” என்று சொல்வாளா? “ராத்திரி தூங்கினேன்” என்பாள். பாதிக் கண்ணை மூடிக்கொண்டு கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த இரவு, ஏட்டில் தூக்கமாகிவிடும்.

வெப்பத்தின் கணக்கும் இப்படித்தான். பகலில் 40 டிகிரியைத் தொட்டிருந்தால்தான் அந்த இரவை ‘வெப்ப இரவு’ என்ற கணக்குக்கே இந்திய வானிலை ஆய்வுத் துறை எடுத்துக்கொள்கிறது. கடலோரத்தில் 40ஐத் தொடும் நாட்கள் சில. புழுங்கித் தவிக்கும் இரவுகள் பல. நாங்கள் விழித்திருந்த இரவுகளில் பெரும்பாலானவை அந்த விதிப்படி வெப்ப இரவுகளே அல்ல. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நல்ல முடிவு, வரவேற்கிறேன். ஆனால் செத்தால்தான் கணக்கு. சாகாமல், தூங்காமல், மறுநாள் விடியுமுன் உப்பு வாரப் போகிறவளுக்கு எந்த ஏட்டிலும் இடமில்லை.

அந்த உடம்புக்கு என்ன ஆகிறது என்று ஒரு பக்கம் தெரியும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார் 2017இல் தொடங்கி, தமிழ்நாட்டில் வேலை செய்யும் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். உப்பளம், செங்கல் சூளை, வயல் போன்ற இடங்களில் கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு 5 சதவீதம். வெப்பம் குறைந்த இடத்தில் வேலை செய்தவர்களுக்கு 2 சதவீதம். பகலில் வாங்கிய சூட்டை உடம்பு இறக்கிவைக்க வேண்டிய நேரம் இரவு. அந்த இரவையும் மூடிய வீட்டுக்குள் கழித்தால் அவள் எப்போது இறக்கிவைப்பாள்? வேலையிடத்தின் வெப்பத்தைக் கேட்கத் தொடங்கிவிட்டோம். படுக்கிற இடத்தின் வெப்பத்தை இனிமேல்தான் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் அரசு ஒரு முறை பெண்ணின் பெயரில் காற்றைக் கொடுத்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லாப் பொருள் திட்டத்தில் மிக்சி, கிரைண்டர், மேசை மின்விசிறி மூன்றும் வந்தன. கேலி செய்தவர்கள் உண்டு. நான் கேலி செய்யமாட்டேன். அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் செலவான கைவலியை இறக்கிய திட்டம் அது. ஆனால் மூன்றையும் பிரித்துப் பாருங்கள். மிக்சியும் கிரைண்டரும் அவள் வேலைக்கு. மின்விசிறி ஒன்றுதான் ஓய்வுக்கு. வேலைக்கான இரண்டும் அடுப்படிக்குப் போயின, அவள் கையிலேயே தங்கின. ஓய்வுக்கான ஒன்று கூடத்துக்குப் போனது, டிவி பார்க்கிறவர் பக்கம் திரும்பியது. அடுப்படிக்கு அது போகவே முடியாது, அடுப்பு அணைந்துவிடும். வீட்டிலேயே அதிகச் சூடான அறைதான் மின்விசிறி இல்லாத அறை. அடுத்த ஆண்டே, 2012இல், சென்னைக்கு இரண்டு மணி நேரமும் மற்ற மாவட்டங்களுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் மின்வெட்டு வந்தது. பெண் பெயரில் கொடுத்த விசிறி சுற்றாமல் நின்ற இரவுகளில் பழைய பனையோலை விசிறி யார் கைக்குத் திரும்பியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

“ஏசி வாங்கிவிட்டால் தீர்ந்தது” என்பவர்களுக்கு. ஒரு டன் ஏசி மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் இழுக்கும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று 2016இல் வந்த சலுகை ஃபேனும் விளக்கும் ஓடுகிற வீட்டுக்குப் பெரிய உதவி. ஏசிக்கு அந்த 100 யூனிட் இரண்டு வாரம் காணாது. வாங்கிய வீட்டிலும் அது ஓர் அறையில்தான் இருக்கும். அந்த அறை யாருடையது, எத்தனை மணிக்கு அணைப்பது, பில் வந்ததும் யார் திட்டு வாங்குவது என்பதையெல்லாம் கேட்டால் நாம் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்போம். கரண்ட் போனால் அதுவும் நிற்கும்.

“ஆண்கள் மட்டும் சுகமாகவா இருக்கிறார்கள்? இரவெல்லாம் கடலில் கிடக்கிறான், பகலெல்லாம் பாத்தியில் நிற்கிறான்” என்பவர்களுக்கு. உண்மை. அவன் உடம்பும் உடம்புதான், அவனுக்கும் தூக்கம் வேண்டும். அவன் மணலில் படுப்பதை நான் தடுக்கவில்லை. உழைத்த உடம்புக்குக் குளிர்ச்சி உரிமை என்று அவனுக்குச் சொல்கிற நியாயத்தை அப்படியே அவளுக்கும் சொல்லுங்கள் என்கிறேன். அவளும் அதே பாத்தியில் நின்றுவிட்டுத்தான் வந்திருக்கிறாள். வந்து சமைத்தும் இருக்கிறாள்.

கேட்க வேண்டியவற்றைக் கேட்கிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது இந்தக் கடற்கரையில் மக்களைத் தங்கவைக்கப் பாதுகாப்பு மையங்களைத் திறந்தார்கள். வெப்ப அலையும் பேரிடர் என்று அரசே சொல்லிவிட்ட பிறகு, மே மாதத்தில் கரண்ட் இல்லாத இரவுகளில் அதே கூடங்களைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் திறந்துவிடுங்கள். ஜெனரேட்டரும் மின்விசிறியும் கழிப்பறையும் தண்ணீரும் இருக்கட்டும். சாவி மகளிர் குழுவிடம் இருக்கட்டும். வெப்பச் செயல்திட்டங்களில் பகல் உச்சத்தோடு வீட்டுக்குள்ளிருக்கும் இரவு வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்து எழுதுங்கள். பள்ளியில் எட்டாம் வகுப்புக்குள் எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் டெஸ்டர் பிடிக்கவும், மெயினை அணைத்து பீஸ் போடவும் கற்றுக்கொடுங்கள்.

வீட்டு ஆண்களிடம் கேட்பது ஒன்றுதான், அரசாணை தேவைப்படாதது. அடுத்த முறை இரவில் கரண்ட் போனால் தலையணையை எடுக்காதீர்கள். குழந்தையோடும் கிழவியோடும் நீங்கள் உள்ளே இருங்கள், நீங்கள் விசிறுங்கள். அவளும் பக்கத்து வீட்டுப் பெண்களும் பாயைச் சுருட்டிக்கொண்டு மணலுக்குப் போகட்டும். ஒரே ஓர் இரவு செய்து பாருங்கள். கை எந்த நேரத்தில் வலிக்கத் தொடங்குகிறது என்று தெரிந்துவிடும்.

மாணவிகளுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். ஆய்வுக்குத் தலைப்பு கிடைக்கவில்லை என்று என் அறைக்கு வருகிறீர்கள். உங்கள் அம்மாவிடமும் ஆயாவிடமும் போய், கரண்ட் போன இரவுகளில் யார் எங்கே படுத்தார்கள், யார் விசிறினார்கள், மறுநாள் எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள். ‘தாய் துஞ்சாமை’ என்ற துறைக்கு இன்றுவரை பெண் எழுதிய உரை இல்லை. அதை நீங்கள் எழுதுங்கள்.